சோடாவில் கழுவிய பச்சைத் தாள்

கிள்ளானில் புது வீட்டோடும், பொத்தானை அமுக்கினால் தானே திறக்கும் கேட்டோடும் சீரும் சிறப்புமாக வாழும் என் தங்கை கணவர் வேலாயுதம் அவர்களுக்கு,

இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நலம் என்று எழுதுவதுதான் முறை. அதை எழுதப்போவதில்லை. போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன்.

உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு எல்லாரும் சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தார்கள். நான் என் பாதி வாழ்நாளைக் கொண்டுவந்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைத் தாள். பாலிஅனிலின் என்று பெயர். பார்த்தால் பிளாஸ்டிக், ஆனால் அமிலத்தில் ஊறவைத்து உலர்த்தினால் அதில் மின்சாரம் ஓடும். இதை எத்தனையோ விருந்தில் உங்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "அப்படியா மச்சான், சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டீர்கள்.

அன்று என் கையிலிருந்து அதை வாங்கியது என் தங்கை புஷ்பவல்லி. "சாமி மேடையில வைக்கப் போறதைக் கழுவாம வைக்கிறதாண்ணே? புளிச்ச வாடை வேற அடிக்குது லா" என்றவள், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறையில் சோடா மாவு போட்டுத் தேய்த்து, சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள். சோடா அமிலத்தை எடுத்துவிடும். அமிலம் போனால் தாள் நீலமாகிவிடும், மின்சாரமும் நின்றுவிடும். நீலத்தைக் கண்டு நான் தாளை மறைக்கப் பார்த்த நேரத்தில்தான் நீங்கள், "எங்க மச்சான் கரண்ட் ஓடுற பிளாஸ்டிக் கண்டுபிடிச்சிருக்காரு" என்று கூட்டத்தைக் கூட்டினீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை, ஆராய்கிறேன் என்று திருத்துவதற்குள் பேட்டரியும் பல்பும் வந்துவிட்டன. பல்பு எரியவில்லை. "ஊதிப் பாருங்க மச்சான், பத்திக்கும்" என்றீர்கள். ஐயர்கூடச் சிரித்தார். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தாளையும் எடுத்துக்கொண்டு நான் இறங்கியபோது, நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். கேட்டைத் திறந்துவிட்டீர்கள்.

அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. நல்லதுதான். என் வாயில் ஆசிட் இருக்கிறது என்று புஷ்பா சொல்வாள். இங்கே திட்டுவதற்கு ஆளே இல்லை, ஆகவே நான் இப்போது சுத்தமாக, நீலமாக இருக்கிறேன். ஒன்றும் ஓடவில்லை.

போன வாரம் அந்தத் தாளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தேன். எலுமிச்சையை நீங்கள் பூசை போட்டு உங்கள் லோரிச் சக்கரத்தடியில் வைப்பீர்கள், அதன் அமிலம் உங்களுக்குத் தெரியாது. தாள் மறுபடி பச்சையானது. பல்பு மங்கலாக எரிந்தது. காட்ட ஆளில்லாமல், சோறு கொண்டுவந்த பையனிடம் காட்டினேன். "சூப்பர் அங்கிள், ஃபைவ் ஸ்டார் மட்டும் போட்டுடுங்க" என்று லிஃப்டுக்கு ஓடிவிட்டான்.

ஆகவே இதனால் தெரிவிப்பது: என்னை அழைக்க வேண்டாம், சமாதானம் பேச வேண்டாம். புது வீட்டில் பதினாறு செல்வமும் பெருகட்டும். புஷ்பாவின் முட்டிவலி தீரட்டும்.

பின்குறிப்பு: ஞாயிறு மதியம் வருகிறேன். நண்டு வாங்கினால் கிள்ளான் பாசாரில் பார்த்து வாங்குங்கள், போன முறை ஓடுதான் இருந்தது. பச்சைத் தாளில் ஒரு துண்டு வெட்டி உறைக்குள்ளே வைத்திருக்கிறேன். அதைக் கழுவ வேண்டாம் என்று புஷ்பாவிடம் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டால் நானே இறங்கிவந்த மாதிரி ஆகிவிடும். போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.