இடது காலுக்கு வேலை இல்லை

அன்புள்ள மகள் சிசுருவுக்கு,

மலைச்சரிவில் ஆரஞ்சுகளில் மஞ்சள் ஏறத் தொடங்கிவிட்டது. தோக்கியோவில் நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். கார் மட்டும் கொஞ்சம் நலமில்லை. பக்கத்து வீட்டு ஓச்சி உனக்குப் போன் போட்டு வத்தி வைத்துவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து என் ஓட்டுநர் உரிமத்தைக் காவல் நிலையத்தில் திருப்பிக் கொடுக்க வைக்கப்போகிறாயாம். அதற்கு முன் என் பக்கத்து நியாயத்தையும் கேள்.

தோட்டத்து லாரியில் காலமெல்லாம் மூன்று பெடல் மிதித்தவன் நான். நீ வாங்கிக் கொடுத்த காரில் இரண்டுதான், கிளட்ச் இல்லை. இது என் இடது காலுக்குத் தெரியவில்லை. அது கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்ததில் அம்மா மடியிலிருந்த மெத்தென்ற டோஃபுக் கட்டி முன்கண்ணாடியில் அப்பிக்கொண்டது. முதியோருக்கான ஓட்டுநர் வகுப்பில் சொன்னார்கள்: "ஐயா, ரெண்டுக்கும் வலது கால்தான். குதிகாலை பிரேக்குக்கு நேரா ஊனிக்குங்க, ஆக்சிலேட்டருக்கு முன்பாதத்தை மட்டும் திருப்புங்க. இடது காலுக்கு வேலையே இல்ல." வேலை இல்லாத காலைத் தொங்கப் போடுவானேன்? வீட்டுப் பாயில் உட்காருவதுபோல் மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, குதிகாலும் நகர்ந்து, பிரேக் என்று நான் மிதித்தது ஆக்சிலேட்டராகப் போய், பயத்தில் இன்னும் அழுத்த, ஓச்சியின் வேலியும் அவன் காயக் கட்டியிருந்த முள்ளங்கிப் பந்தலும் காரின் மேல் வந்துவிட்டன. "அண்ணே, முள்ளங்கி வேணும்னா கேட்டிருந்தா நானே கொண்டாந்து தந்திருப்பேனே!" என்றான். இறங்கினேன். மடித்த கால் மரத்துப்போயிருந்ததால் அவன் முன்னால் குப்புற விழுந்தேன். "ஐயோ, மன்னிப்புக்காக மண்ணுல விழணுமா, எந்திரிங்க!" என்று கூசிப்போனான். நான் மறுக்கவில்லை.

கடையும் ஆஸ்பத்திரியும் மலைக்கு அந்தப் பக்கம். பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். உரிமம் போனால் நாங்கள் இருவரும் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். ஆகவே தர மாட்டேன். இதுவே முடிவு.

குளிர் வருகிறது, கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

உன் அப்பா,
தோகுஜி

பி.கு.: உரிமத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா கேட்டாள்: "வேலியோட போச்சு. அங்க ஒரு கொழந்த நின்னிருந்தா?" நான் எழுந்துபோய் உரிமத்தை எடுத்துவந்தேன். அவளும் உரிமம் வைத்திருப்பவள்தான், இதுவரை ஓட்டியதே இல்லை. வேலி விழுந்த மறுநாளிலிருந்து எனக்குத் தெரியாமல் பயிற்சிப் பள்ளி வேனில் போய்ப் படித்து வந்திருக்கிறாள். ஞாயிறன்று உன்னை அழைக்க ஸ்டேஷனுக்கு அவள்தான் ஓட்டி வருவாள். நான் பக்கத்தில் இருப்பேன். இன்று காவல் நிலையத்துக்கும் அவள்தான் ஓட்டினாள்; ஒவ்வொரு வளைவிலும் என் கால் தரையை மிதித்தது. "அங்க பிரேக் இல்லங்க," என்றாள், "எங்கிட்டதான் இருக்கு."