செருப்பின் மேல் மூன்று எலிகள்

ஒரு தெருவை ஒரே காலையில் காலி செய்யும் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு வாய்த்தது. பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒன்பது வீடுகள் கொண்ட எங்கள் வரிசையை, தொட்டில், கோழிக்கூடை, ஊறுகாய் ஜாடி சகிதமாக, ஒரு கைமணியை ஆட்டியே வெளியே கிளப்பியவன் நான். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைக்கிற வயது. (இப்போது அறுபது தாண்டிவிட்டது. தெரிந்தது ஒன்றுமில்லை என்று என் மனைவி எழுதிக் கையெழுத்துப் போடவும் தயார்.)

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெயர் தாவீது. மனைவி கிருபை கோலார் தங்கவயல்காரி. கல்யாணமாகி ரயிலில் வந்து இறங்கியபோது அவள் மடியில் ஒரு கூடை இருந்தது. சீர்வரிசைப் பட்சணம் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே இருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை என்னை ஏற இறங்கப் பார்த்தது. அதுதான் சின்னி. இரண்டாவது பூனையை யாரும் கொண்டு வரவில்லை. பட்டாளத்து லைன் பக்கமிருந்து தானாகவே நடந்து வந்தது. பெரிய மீசை, கிழிந்த ஒரு காது. வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, திருப்தியில்லாத முகத்துடன் உட்கார்ந்தது. அதற்கு சார்ஜென்ட் என்று பெயர் வைத்தோம்.

மூன்று வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. பூனைகளுக்கு அந்தக் குறை தெரியாதபடி கிருபை பார்த்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈரமணலில் இரண்டும் கால் நீட்டிப் படுக்கும். தாகமெடுத்தால் நான் அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் பானையைத் தொட வேண்டும். ஆடிச் சாரலில் பையன்களின் கணக்கு நோட்டுகள் மேல் தூங்கும். ஐப்பசி இடிக்கு என் கோட்டுக் கைக்குள் சின்னி முழுசாக நுழைந்துகொள்ளும். மார்கழியில் கிருபையின் கம்பளிக்குள்ளே இரண்டு பூனையும், வெளியே நானும் கிடப்போம். (புகார் சொன்னேன். "அதுங்களுக்குக் குளிருதுங்க" என்றாள். எனக்கு?)

எல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்றுதான். எனக்கு எலி என்றால் உயிர் போய்விடும். பாடப்புத்தகத்தில் எலிப் படம் வந்தால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். ஆனால் மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒரு எலியைக்கூட நான் கண்டதில்லை. பூனைகளுக்கு பயந்து அந்தப் பக்கமே வருவதில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அந்தக் காலத்தில் பிளேக் எங்கள் ஊருக்குக் குளிரோடு வரும், வெயிலோடு போகும். ஆள் விழுவதற்கு முன்னால் எலி விழும். செத்த எலியைப் பார்த்தால் தொடக்கூடாது, உடனே சுகாதார ஆபீசில் சொல்ல வேண்டும், ஒரே ஓட்டு வரிசையில் இருக்கும் அத்தனை குடும்பமும் வெளியேற வேண்டும், வீட்டு ஓட்டைப் பிரித்து வெயில் காட்டுவார்கள். இதையெல்லாம் தெருவுக்கே மனப்பாடம் செய்வித்தது யார்? நான்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயில் விட்டு வந்ததும் வாசலில் நின்று பிரசங்கம் செய்வேன். எலி விழுந்தால் பள்ளிக்கூடக் கைமணியை அடிப்பேன் என்றும் அறிவித்திருந்தேன். (அந்த மணி என் பொறுப்பில் இருந்தது. அதை அடிக்க ஒரு சந்தர்ப்பம் வராதா என்று உள்ளுக்குள் ஏங்கினேனோ என்னவோ, ஆண்டவருக்குத்தான் தெரியும்.)

அது தை மாதம். பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி முதலியார் பட்டாளத்துக் குதிரைகளுக்குப் புல் காண்ட்ராக்ட் எடுத்தவர். அவர் மகள் செல்லத்துக்கு அடுத்த வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீடு வேலூர். ஏற்கனவே இரண்டு சம்பந்தம் கூடி வந்து தட்டிப்போன பெண். இதுவும் தட்டினால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று முதலியார் பந்தக்கால் நட்ட அன்றே கண் கலங்கினார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தின வியாழன் சாயங்காலம் கிருபை அங்கே அதிரசம் சுடப் போனாள். வேலை முடிய நேரமாகும், அங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எழுந்து பின்கட்டுக் கதவருகே செருப்பு மாட்டப் போனேன். செருப்பின் மேல் மூன்று எலிகள். வரிசையாக, வால்கள் ஒரே பக்கம் பார்க்க, கோடு போட்டு அடுக்கிய மாதிரி. ரத்தமில்லை, காயமில்லை. (எட்டடி தூரத்திலிருந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்ததில் காயமில்லை.) சின்னி பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் வாயிலிருந்து வந்த சத்தத்தை இங்கே எழுத முடியாது. ஒரு பாட்டில் மண்ணெண்ணெயைத் தூரத்திலிருந்தே வீசி, எலிகளையும் செருப்பையும் சேர்த்துக் கொளுத்தினேன். பிறகு மணியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினேன்.

"எலி விழுந்துடுச்சு! எல்லாரும் வெளியே வாங்க!"

முதலியார் முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். "இன்னா வாத்தியாரே, எத்தினி எலி?"

"மூணு!"

அவர் பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கன்னடக்காரர், நல்ல மனுஷர். கிருபை கை முழுக்க மாவோடு முன்னால் வந்து, "சார், எங்க சின்னி தெனமும்..." என்று ஆரம்பித்தாள்.

"கிருபை! உத்தியோகஸ்தர் பேசும்போது குறுக்கே பேசாதே" என்றேன். தெரு முழுக்கக் கேட்கும்படிதான்.

இன்ஸ்பெக்டர் என்னிடம், "பெக்கு பிடிச்ச எலி அல்லதானே?" என்றார். பெக்கு என்றால் பூனை.

"சார், மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன். எங்கள் பூனைகள் ஒருநாள்கூட எலியைக் கொண்டு வந்ததில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமா?"

கிருபை என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபப் பார்வை இல்லை. தப்பான விடையை அழுத்தி எழுதுகிற பையனை நான் பார்க்கிற பார்வை. பிறகு மாவுக் கையைக் கழுவிக்கொண்டு சாமான் கட்டப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் ஒன்பது குடும்பமும் அல்சூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ராகி அறுத்த வயலில் கீற்றுக் கொட்டகைகளில் இருந்தோம். பின்னால் ஒன்பது வீட்டு ஓடுகளையும் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேலூருக்குச் செய்தி போய்விட்டது. திங்கட்கிழமைக்குள் ஆபீசிலிருந்து நோயில்லை என்று எழுத்து வராவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் தந்தி கொடுத்தார். முதலியார் அந்தத் தந்தியை மடித்து மடித்து, அது கிழிகிற நிலைக்கு வந்துவிட்டது. செல்லம் கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவர்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. "வாத்தியார் இல்லாட்டி நம்ம கதி இன்னா ஆயிருக்கும்" என்று அந்த நிலைமையிலும் முதலியார் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு மாலை கிருபை பூனைகளுக்குச் சோறு வைக்க வீட்டுக்குப் போய்வந்தாள். வரும்போது பாட்டுப் புத்தகமும் ஒரு கூடையும் கொண்டு வந்தாள். புத்தகத்துக்குக் கீழே சின்னியும் அது கார்த்திகையில் போட்ட மூன்று குட்டிகளும். எங்கிருந்தோ பழைய செருப்பு ஒரு ஜோடியும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதை ஒரு தடவை காலில் போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு, கழற்றி, கொட்டகை வாசலில் நேராக வைத்தாள். என் கால் மேல் இவளுக்கு எவ்வளவு கரிசனம் என்று உருகினேன்.

திங்கட்கிழமை விடியல். ஏரி மேல் பனி வெள்ளையாகக் கிடந்தது. இன்ஸ்பெக்டர் ஏழு மணிக்கு வந்தார். ஒன்பது குடும்பமும் அக்குள் காட்ட வரிசையில் நின்றோம். நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். நாலு நாளாக ஒருவருக்கும் காய்ச்சலில்லை, பிரித்த ஓட்டுக்குக் கீழே ஒரு செத்த எலியும் இல்லை. இருந்தும் நான் கொளுத்திவிட்ட அந்த மூன்று எலி எதனால் செத்தது என்று தெரியாமல் அவரால் எழுத்துக் கொடுக்க முடியவில்லை. "ஏனு மாடோது, என்ன செய்யறது, முதலியாரே" என்று தலையை ஆட்டினார். முதலியார் தந்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது வயலிலிருந்து சின்னி வந்தது. அதன் வாயில் ஓர் எலி. வரிசையில் நின்ற யாரையும் அது பொருட்படுத்தவில்லை. நேராக என் செருப்புக்கு வந்தது, எலியை மேலே வைத்தது, வாலை ஒரு காலால் அமுக்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. பிறகு காலை எடுத்தது.

எலி உயிரோடிருந்தது! இன்ஸ்பெக்டரின் பூட்சு மேல் ஏறி, செல்லத்தின் சீர்ப் பெட்டியைச் சுற்றி, கோழிகளைக் கலைத்துக்கொண்டு ஓடியது. நான் அந்தப் பெட்டி மேலிருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. சின்னி இரண்டே தாவலில் அதைப் பிடித்து, மறுபடியும் கொண்டு வந்து, அதே செருப்பின் மேல் வைத்து, மறுபடியும் விட்டது. மறுபடியும் பிடித்தது. பெட்டி மேல் நடுங்கிக்கொண்டிருந்த நானே பயத்தை மறந்து பார்த்தேன். இவ்வளவு சின்ன உடம்புக்குள் அத்தனை வேகத்தையும் பொறுமையையும் வைத்தவர் எப்பேர்ப்பட்டவர்!

"பிளேக் எலி இஷ்டு, இவ்வளவு ஜோராக ஓடுமா?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏனம்மா, இது எப்பவும் இங்கேதான் வைக்குமா?"

கிருபை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இவரு செருப்பு மேலதான் சார். மூணு வருஷமா. இவருக்கு எலின்னா பயம். அதனால இவரு எழுந்திருக்கறதுக்கு முன்னாடி நான் எழுந்து எடுத்துப் போட்டுடுவேன். ராகி அறுத்தப்புறம் ஒரு நாளைக்கு ரெண்டு மூணுகூட வரும். அன்னிக்கு மட்டும் நான் வூட்டுல இல்ல."

"இவருக்கு எதுக்கம்மா வைக்குது?"

"குட்டிங்களுக்கு வேட்டை பழக்கும் சார். இவருக்கும் ஒண்ணும் பிடிக்கத் தெரியலைன்னு அதுக்குத் தோணிப்போச்சு. செத்ததைக் குடுத்துப் பார்த்துச்சு, இப்ப உசுரோட குடுக்குது. குட்டியில இவரையும் சேர்த்துட்டுது."

ஒன்பது குடும்பமும் சிரித்த சிரிப்பில் ஏரிக் கொக்குகள் எழுந்து பறந்தன. நான் பெட்டியிலிருந்து இறங்கவில்லை. இறங்க முகம் வேண்டுமே. மூன்று வருஷம், ஆயிரம் விடியல், குளிரிலும் சாரலிலும் எனக்கு முன்னால் எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், என் பெருமையையும் என்னையும் காப்பாற்றியவளை நான் தெரு நடுவில் வாயை மூடு என்று சொல்லியிருந்தேன். அவள் சண்டை போடவில்லை. செருப்பை நேராக வைத்தாள், அவ்வளவுதான். அவள் முன்னால் நான் அன்று உண்மையிலேயே குட்டியாக நின்றேன்.

இன்ஸ்பெக்டர் அங்கேயே சீர்ப் பெட்டி மேல் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தார். (அதற்காகத்தான் நான் கடைசியில் இறங்கினேன்.) முதலியார் எங்கள் கொட்டகை வாசலில் இருந்த மணியைக் காட்டி, "அத்த வெச்சித்தானே எல்லாரையும் வெரட்டினீங்க? அத்த அடிச்சே எல்லாரையும் கல்யாணத்துக்குக் கூப்புடுங்க வாத்தியாரே" என்றார். ஜோகுபாளையம் முழுக்க, சந்து விடாமல், அடித்துக்கொண்டு போனேன்.

ஆனால் வியாழக்கிழமைக்குள் ஓட்டைத் திரும்ப வேய முடியவில்லை. செல்லத்தின் கல்யாணம் கூரையில்லாத வீட்டில் நடந்தது. மணமக்கள் தலைக்கு மேல் வெறும் மரச்சட்டங்களும் அவற்றுக்கு மேல் வானமும். முகூர்த்த நேரத்தில் பனி விலகி, சட்டங்களுக்கு நடுவே வெயில் நேராக அந்தப் பெண்ணின் முகத்தில் இறங்கியது. நாலு நாள் அழுத முகம் அது. நாதஸ்வரக்காரரே ஒரு கணம் ஊதுவதை நிறுத்திப் பார்த்தார். உச்சிச் சட்டத்தின் மேல் சார்ஜென்ட் நிதானமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து மேற்பார்வை செய்தது. வேலூர் தாய்மாமன் அண்ணாந்து பார்த்து, "பெங்களூர்ல இப்பிடித்தான் செய்வாங்களா? நல்லாத்தான் கீது" என்றார். யாரும் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜோகுபாளையத்தில் நான் எதையாவது உறுதியாகச் சொன்னால் எதிரே இருப்பவர், "செருப்பைப் பார்த்துட்டுச் சொல்றீங்களா?" என்று கேட்பார். செல்லத்தின் பேரப்பிள்ளைகள்வரை அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிற்பாடு எங்களுக்குப் பிறந்த மகள், வந்த மாப்பிள்ளையிடம் முதலில் சொன்ன குடும்ப ரகசியமும் இதுதான்.

கொட்டகையிலிருந்து வீடு திரும்பிய அன்றே, இனி எலியை நான்தான் எடுப்பேன் என்று கிருபையிடம் சொன்னேன். முதல் மாதம் இடுக்கியும் நடுக்கமுமாகப் போயிற்று. பிறகு பழகிவிட்டது. சின்னியின் பேத்தி, அவளுடைய பேத்தி என்று முப்பத்தைந்து வருஷமாக, விடிவதற்குள் எழுந்து, எடுத்து, பூனைக்கு நன்றி சொல்லி (ஆமாம், சொல்லுவேன்), கையைக் கழுவிக்கொள்கிறேன்.

போன மார்கழியில் எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. எழ நேரமாகிவிடும். ஆனால் ஒரு மாதமாகச் செருப்பு சுத்தமாகவே இருந்தது.

"பூனைக்கும் வயசாயிடுச்சு போல, கிருபை. வேட்டையை விட்டுட்டுது" என்றேன்.

"ஆமாங்க" என்றாள் அடுப்பை ஊதிக்கொண்டே.

பின்கட்டு மூலையில் இடுக்கி கழுவி வைத்த ஈரத்தோடு இருந்தது. நான் அதைப் பார்க்காதவன் மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.