எட்டாவது நாற்காலியில் கொக்கு

மனிதகுலம் துக்கத்துக்குக் கண்டுபிடித்த மருந்துகளில் மேசைவிரிப்புக்கு இணையானது வேறில்லை. மாத்திரை தூக்கம் தரும். பயணம் அலுப்புத் தரும். உறவினர் சொல்லும் ஆறுதல் தலைவலி தரும். மேசைவிரிப்பு மட்டுமே, அதுவும் வெளிர்பச்சையில் ஓரமெல்லாம் குருவி போட்டதாக இருந்தால், மனைவியை இழந்த ஒருவனை ஒரே மாலையில் ‘பழைய மனிதன்’ ஆக்கிவிடும். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. அந்த மருந்தை என் வீட்டில்தான் விரித்தார்கள்.

என் மனைவி மழைக்காலத்தில் இறந்தாள். குளிர்காலம் முழுக்க நான் ஒழுங்காக நகராட்சிக்குப் போய், குடிநீர்ப் பிரிவில் கோப்புகளைப் புரட்டி, ஒழுங்காக வீடு திரும்பினேன். வசந்தம் வந்தது. கூடவே என் தங்கையும் வந்தாள். ‘இல்ல அழகியல்’ என்ற படிப்பை அப்போதுதான் இணையத்தில் முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். வாசலிலேயே நின்று கூடத்தை ஒரு நோட்டம் விட்டாள்.

“வீடா அண்ணா இது? கோடவுன் மாதிரி இருக்கு. இப்படி இருந்தா மனசு எப்படித் தேறும்?”

“தேறலேன்னு யார் சொன்னா?”

“திரைச்சீலையைப் பாத்தாலே தெரியுதே.”

என் துக்கம் திரைச்சீலை வரை பரவியது எனக்குத் தெரியாது. நிபுணர்கள் எதற்கு இருக்கிறார்கள்? அவள் அங்கேயே தீர்ப்புச் சொன்னாள். முன்பெல்லாம் சனிக்கிழமை தவறாமல் என் வீட்டில் சாப்பிட்ட நண்பர்களை மறுபடி அழைக்க வேண்டும். வசந்தகால மேசை. பறவைக் கருப்பொருள்.

“பறவை எதுக்கு?”

“பறவைன்னா புதுத் தொடக்கம் அண்ணா. பாடத்துலயே இருக்கு.”

நான் சம்மதித்தேன். அதற்குக் காரணம் பறவை இல்லை. என் மனைவி போனபிறகு அவளைப் பற்றி என்னிடம் யாரும் பேசுவதில்லை. தெருவில் பார்த்தால் வெயிலைப் பேசினார்கள். அலுவலகத்தில் குழாய் அடைப்பைப் பேசினார்கள். அவள் கையால் வருஷக்கணக்காகச் சாப்பிட்டவர்கள் மறுபடி அதே மேசையில் உட்கார்ந்தால், ஒருவராவது வாய்தவறியாவது அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா? அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை குருவியை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

விருந்துக்கு முந்திய ஞாயிறு ஆயத்தக் கூட்டம் நடந்தது. தங்கை தலைமை. அவள் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, சரக்குப் போக்குவரத்துப் பொறுப்பு. என்னோடு வேலை பார்க்கும் டிராஃப்ட்ஸ்மேன் அளவுகளுக்குப் பொறுப்பு, ஸ்கேலோடு வந்திருந்தார். மாடி வீட்டுப் பல் டாக்டர் சிறப்பு ஆலோசகர். எதற்கு ஆலோசகர் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் ‘பயனாளி’. பயனாளிகள் கூட்டத்தில் பேசும் வழக்கம் எங்கள் நகராட்சியிலும் கிடையாது.

முதல் பிரச்சினையே சிக்கலானது. டிராஃப்ட்ஸ்மேனுக்கு மனசாட்சி உறுத்தியது.

“பறவையைக் கொண்டாடற மேசையில கோழி வைக்கலாமா?”

“கோழி எங்க பறக்குது?” என்றார் மாப்பிள்ளை. கோழி விஷயத்தில் அவருக்குப் பொறுமை கிடையாது.

“கொஞ்ச தூரம் பறக்கும்.”

“கொஞ்ச தூரம் நானும்தான் ஓடுவேன். அதுக்காக என்னை ஓட்டப்பந்தய வீரன்னு சொல்வீங்களா?”

அவருடைய வயிற்றை எல்லோரும் ஒருமுறை பார்த்தார்கள். வாதம் எடுபட்டது. ‘இவ்விருந்தின் நோக்கங்களுக்காக மட்டும் கோழி ஒரு பறவையாகக் கருதப்பட மாட்டாது’ என்று ஒருமனதாக முடிவானது. கோழியின் கருத்து கோரப்படவில்லை.

அடுத்தது உரையாடல். தங்கை குரலைத் தாழ்த்தினாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் தாழ்த்தினாள்.

“யாரும் ஆஸ்பத்திரி பேச்சு எடுக்கக்கூடாது. நோய் பத்திப் பேசக்கூடாது. பழசு எதையும் கிளறக்கூடாது. அண்ணன் மனசு லேசா இருக்கணும்.”

“பழசுன்னா?” என்றார் டாக்டர்.

“பழசுன்னா பழசுதான் டாக்டர்.”

எல்லோரும் புரிந்துகொண்டு தலையாட்டினார்கள். எனக்கும் புரிந்தது. நாங்கள் அலுவலகத்தில் தீர்க்க விரும்பாத மனுக்களை ‘இதர’ என்று ஒரு கட்டில் கட்டிப் பரணில் போடுவோம். என் மனைவிக்கு இவர்கள் வைத்த தலைப்பு ‘பழசு’. நான் அந்த நிர்வாகத் திறமையை வியந்தேன்.

கடைசியாக நாற்காலி. மேசைக்கு எட்டு நாற்காலி. டிராஃப்ட்ஸ்மேனும் டாக்டரும் அவரவர் மனைவியோடு வருகிறார்கள், தங்கையும் மாப்பிள்ளையும், நான். ஆக ஏழு பேர். சமையலறைக் கதவை ஒட்டிய நாற்காலி மிஞ்சியது. அது என் மனைவியுடையது. அவள் அதில் உட்கார்ந்ததைவிட அதிலிருந்து எழுந்ததுதான் அதிகம்.

“ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் மூணு. கண்ணை உறுத்துமே,” என்றார் டிராஃப்ட்ஸ்மேன், ஸ்கேலைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு.

“எடுத்துடலாமா?” என்றாள் தங்கை.

“எடுத்தா பொக்கை விழுந்துடும்,” என்றார் டாக்டர். தன் ஆலோசனைக்கு வேளை வந்துவிட்டதை அவர் உணர்ந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். “நடுவுல ஒரு பல்லு போயிடுச்சுன்னா அந்த இடத்தை நாங்க காலியா விடறதில்ல. அச்சு அசலா ஒண்ணு செஞ்சு வெச்சிடுவோம். பக்கத்துப் பல்லுக்கே வித்தியாசம் தெரியாது.”

இப்படித்தான் கொக்கு வந்தது.

வெள்ளைப் பீங்கான் கொக்கு. ஒற்றைக்காலில் நின்றது. அலங்காரப் பொருள் கடையில் வாடகைக்கு எடுத்து மாப்பிள்ளை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நாற்காலியில் இரண்டு மெத்தையைப் போட்டு நிறுத்தினால் தலை சரியாக ஓர் ஆள் உட்கார்ந்த உயரத்துக்கு வந்தது. டிராஃப்ட்ஸ்மேன் அளந்து உறுதிப்படுத்தினார். கழுத்தில் துணி கட்டி, முன்னால் தட்டு வைத்தார்கள். தட்டு வைக்காவிட்டால் சமச்சீர் கெட்டுவிடுமாம்.

விருந்து நாளின் மாண்பை எப்படிச் சொல்வேன்! கைத்துடைக்கும் துணிகள் அன்னங்களாக மடிந்து ஒவ்வொரு தட்டிலும் மிதந்தன. குச்சிகளால் கட்டிய கூடுகளில் நீலப் புள்ளி வைத்த முட்டைகள். நடுவில் பூத்த கிளைகளைக் கொத்தாக நட்டிருந்ததால் எதிரில் இருப்பவர் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தங்கையின் கைப்பேசியில் காட்டுப் பறவைகளின் ஒலிப்பதிவு ஓடியது. ஜன்னலுக்கு வெளியே மரத்தில் நாலைந்து நிஜப் பறவைகள் முறையில்லாமல் கத்தி அதைக் கெடுத்தன. ஜன்னலைச் சாத்திவிட்டோம்.

விருந்தினர் வந்தார்கள். ‘அடடா’ என்றார்கள். படம் எடுத்தார்கள். உட்கார்ந்தார்கள். படம் எடுத்தார்கள்.

“இது சாப்பிடறதா, பாக்கறதா?” என்று கூட்டைக் காட்டி மாப்பிள்ளை கேட்டார்.

“பாக்கறது,” என்றாள் தங்கை.

“இது?”

“அதுவும் பாக்கறது. கையை எடுங்க.”

“சாப்பிடறது எதுன்னு ஒரு கொடி நட்டு வெச்சிருக்கலாம்.”

இந்த அறிவிப்பு கிளைகளுக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரை எட்டவில்லை. கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. முட்டை பிளாஸ்டர் ஆப் பாரிஸ். டாக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தொழில் கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல், “ஒண்ணுமில்ல, கடைவாய், மேல் வரிசை,” என்றார்.

“நாளைக்கு யாராவது நல்ல டாக்டரா பாருங்க,” என்றார் அவர் மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய இடைவெளியில், இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

“இந்தக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கே, இது அவ ஆசைப்பட்டு வாங்கினது.”

ஒலிப்பதிவில் ஏதோ ஒரு பறவை கூவியது.

“சூப் ஆறுது அண்ணா,” என்றாள் தங்கை.

எல்லோரும் சூப்பின்மேல் பாய்ந்தார்கள். இத்தனை அக்கறையோடு ஒரு சூப் குடிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

கோழி வந்தபோது மறுபடி முயன்றேன். பக்கத்தில் இருந்தவர் டிராஃப்ட்ஸ்மேன். பதினோரு வருஷம் என் மதியச் சாப்பாட்டு டப்பாவில் பாதியைத் தின்றவர். அவருக்குக் காரம் ஆகாது என்பதற்காக என் மனைவி அந்தப் பாதியைத் தனியாகச் சமைத்து, தனி அடுக்கில் வைத்து அனுப்புவாள்.

“காரம் அதிகமா இருக்கா? உங்களுக்குன்னு அவ எப்பவும் தனியா எடுத்து...”

அவர் கண்ணில் ஏதோ அசைந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அசைந்தது. வாயைக்கூடத் திறந்தார். பிறகு தலைமையின் பக்கம் பார்த்தார். தலைமை புருவத்தைத் தூக்கியது.

“இந்த அன்னத்தோட கழுத்து எத்தனை டிகிரி மடிச்சிருக்கீங்க?” என்று தங்கையைக் கேட்டார்.

“நாப்பத்தஞ்சு.”

“அதான் பாத்தேன்.”

கட்டுப்பாடு என்றால் அது! என் மனம் கனத்துவிடக்கூடாது என்பதற்காக அந்த மனிதர் பதினோரு வருஷத்தையும் ஒரே மடக்கில் விழுங்கித் தண்ணீர் குடித்தார். அப்படிப்பட்ட நண்பர்கள் எத்தனை பேருக்கு அமைவார்கள்?

பழைய பேச்சு வராமல் இருக்க வேண்டுமானால் புதிய பேச்சு வேண்டும். மேசையில் புதியது ஒன்றே ஒன்று. எல்லோருடைய கண்ணும் கொக்கின்மேல் போய் நின்றது.

“எவ்வளவு அமைதியா உக்காந்திருக்கு பாருங்க,” என்றார் டாக்டரின் மனைவி.

“நம்ம வீட்டு ஆள் மாதிரியே இருக்கு,” என்றார் டிராஃப்ட்ஸ்மேனின் மனைவி.

“வந்ததுலேர்ந்து ஒரு குறை சொல்லல,” என்றார் டாக்டர், கன்னத்தைத் தடவிக்கொண்டே.

டிராஃப்ட்ஸ்மேனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஆபத்தில்லாத ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே.

“அண்ணே, இதுக்கு ஒரு பேரு வெச்சிருக்கீங்களா?”

நான் கொக்கைப் பார்த்தேன். அது யாருடைய நாற்காலி என்று பார்த்தேன். பிறகு, என் மனைவியின் பெயரைச் சொன்னேன்.

ஊசி விழுந்தால் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

“அட, நல்ல பேரா இருக்கே!” என்றார் டிராஃப்ட்ஸ்மேன். “கொக்குக்குன்னே அளவெடுத்த மாதிரி. நீங்களே வெச்சதா?”

அவர்மேல் குற்றம் சொல்லக்கூடாது. அவருக்கு அவள் ‘அண்ணி’. டாக்டருக்கு ‘சிஸ்டர்’. அவர்களின் மனைவிமாருக்கு ‘அக்கா’. அவள் இறந்த செய்தியை நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பியவரே டிராஃப்ட்ஸ்மேன்தான்: ‘நம் அன்புக்குரிய அண்ணி காலமானார்’. மரியாதை அவ்வளவு. பெயர் கேட்கும் அளவுக்கு யாரும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. மாப்பிள்ளைக்குப் பெயர் தெரியும். அவர் வாயில் கோழி இருந்தது. தங்கைக்கு நன்றாகவே தெரியும். அவள் தன் தட்டில் சரிந்து கிடந்த அன்னத்தின் கழுத்தை நிமிர்த்தினாள். அது மறுபடி சரிந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

“சொல்லுங்க அண்ணே, நீங்களே வெச்ச பேரா?”

“இல்ல,” என்றேன். “அவங்க அப்பா வெச்சது.”

ஒரு கணம் விழித்தார்கள். பிறகு மேசையே குலுங்கியது. டாக்டர் பல்வலியை மறந்து தட்டைத் தட்டிச் சிரித்தார். “கொக்குக்கு அப்பாவாம்!” என்று அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிராஃப்ட்ஸ்மேன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

“பாத்தீங்களா? பழைய ஆளா ஆயிட்டார்! எத்தனை நாளாச்சு அண்ணே நீங்க இப்படிப் பேசி!”

தங்கை எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

குழுவின் நோக்கம் நிறைவேறியது என்பதை நான் மறுக்கமாட்டேன். அதற்குப் பின் அந்த மேசையில் வேறு பேச்சே இல்லை. நான் ஒரு வார்த்தைக்கு ஏங்கினேன். அவர்கள் அவள் பெயரை ஆளுக்குப் பத்துத் தடவை சொன்னார்கள். பெயர் சொல்லித் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். பெயர் சொல்லிக் கழுத்துத் துணியைச் சரிசெய்தார்கள். கேக் வந்ததும் முதல் துண்டை எட்டாவது தட்டில் வைத்தார்கள். பிறகு, வருஷக்கணக்காகச் சனிக்கிழமை தவறாமல் அந்த மேசையில் உண்டு கைகழுவிப் போனவர்கள், அன்றுதான் முதல் முறையாக அவளைப் பெயர் சொல்லி அழைத்து, “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார்கள்.