நம் பேரில் நடக்கிற சாமி

கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு கடைவீட்டில் நடைச்சித்தர் சுவாமிகள் எழுந்தருளியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும். தஞ்சோங் காராங் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்கள். பத்தாங் பெர்ஜுந்தாய் தோட்டங்களிலிருந்து வேன் பேசி வருவார்கள். கெர்லிங்கிலிருந்து லோரி பிடித்து வந்த கூட்டமும் உண்டு. வரிசை காப்பிக்கடை வரைக்கும் நீளும். சாமியின் மகிமையை முதலில் உணர்ந்தவர் காப்பிக்கடை சீனர்தான். அவர் புது நாற்காலிகள் வாங்கிப் போட்டார்.

மற்ற சாமிகள் திருநீறு கொடுப்பார்கள், பேய் ஓட்டுவார்கள், லாட்டரிக்கு நாலு நம்பர் சொல்வார்கள். நம் சாமி காலத்துக்கு ஏற்றவர். அப்போதுதான் டாக்டர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே மருந்தை எழுத ஆரம்பித்திருந்தார்கள். சர்க்கரை வியாதி என்கிற இனிப்பு நீரா, நட. ரத்தக் கொதிப்பா, நட. இடுப்பு வலியா, உடற்பயிற்சி செய். டெலிவிஷனைத் திறந்தால் இறுக்கமான உடுப்புப் போட்ட பெண்கள் இசைக்குக் குதித்தார்கள். சனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு மறுநாள் விடியுமுன் வேலைக்கு ஓடினார்கள். பன்னிரண்டு மணி நேர வேலை, போக வர பஸ், வந்ததும் அடுப்பு, துணி, பிள்ளை. இதில் எந்த இடுக்கில் குதிப்பது?

அந்த இடுக்கில்தான் சாமி புகுந்தார்.

"நீங்க நடக்க வேணாம். பேரு, ராசி, நட்சத்திரம் சொல்லுங்க. உங்க பேர்ல சாமி நடப்பாரு. பலன் உங்களுக்கு" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் சாமியின் சீடர் சிவானந்தம்.

யாரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்? கோயிலில் பேரும் நட்சத்திரமும் சொல்கிறோம். அர்ச்சகர் மந்திரம் சொல்கிறார். நாம் பக்கத்தில் நின்று போன வாரம் வாங்கிய மீன் விலையை யோசிக்கிறோம். புண்ணியம் நமக்கு வந்துவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் சித்தப்பா காவடி எடுக்கிறார். அலகு குத்துவது சித்தப்பா நாக்கில், குணமாவது பிள்ளைக்கு. இப்படிப் பழகிய சனங்களிடம் ஒருவர் வந்து, உங்கள் காலுக்குப் பதில் என் கால் என்றால் அது அதிசயமாகவா தெரியும்?

கடைவீட்டின் பின்பாதியைக் காவித் திரை மறைத்திருந்தது. பக்தர்கள் முன்பாதியில் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். சிவானந்தம் பெயர்களைப் படிப்பார். திரைக்குப் பின்னால் சாமியின் மரக்குறடு டொக் டொக் என்று நடக்கும். திரையை விலக்கிப் பார்த்தால் நடந்த பலன் பார்த்தவருக்குப் போய்விடும் என்பதால் யாரும் பார்ப்பதில்லை. குறடு சத்தம் கேட்கும்போது பெயருக்குரியவரின் கெண்டைக்கால் சுட வேண்டும். அதுதான் அருள் இறங்கியதற்கு அடையாளம்.

சுடாமல் என்ன செய்யும்? வாரம் பூராவும் தொழிற்சாலையில் நின்ற கால். காலையிலிருந்து வரிசையில் நின்ற கால். அதை மடக்கிச் சிமெண்டில் வைத்தால் கெண்டைக்கால் சுடும், குத்தும், கடைசியில் மரத்தும் போகும். மரத்துப் போனால் அருள் முற்றிவிட்டது என்று சிவானந்தம் விளக்கம் சொல்லுவார். நடக்க நேரமில்லாத சனங்கள் அரை நாள் வரிசையில் நின்று, தங்களுக்கு நடக்க நேரமில்லை என்று சாமியிடம் முறையிட்டுவிட்டு, தட்சிணையும் கொடுத்துவிட்டு, கைத்தாங்கலாக எழுந்து போனார்கள்.

நாகமணியும் அந்த வரிசையில் நின்றாள்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து லயத்தில் அவள் வீடு. வேலை ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில், பெட்டி அடுக்கும் வரிசையில். கோழி கூவுமுன் எழுந்து வாசல் தெளித்து, மாவுக் கோலம் போட்டு, மூன்று பிள்ளைகளுக்கும் சமைத்து வைத்துவிட்டு பஸ் ஏறுவாள். பொழுது சாயும் நேரத்துக்கு வந்து மறுபடி உலை வைப்பாள். புருசன் செல்லன் எண்ணெய் ஆலையில் இரவுக் காவல். பகலெல்லாம் தூங்கி எழுந்து, அவள் வந்து சோறாக்கிப் போடும்வரை வாசலில் பீடியோடு உட்கார்ந்திருப்பான். கெட்டவன் இல்லை. அடுப்படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவன், அவ்வளவுதான்.

அவளுக்கு இனிப்பு நீர் என்று டாக்டர் சொன்ன அன்று செல்லனும் கூடப் போயிருந்தான். "தினமும் அரை மணி நேரம் நடக்கணும். வேலையில நிக்கிறது நடக்கிறதாகாது. இல்லன்னா கால்ல உணர்ச்சி போகும், அப்புறம் காலே போகும்" என்றார் டாக்டர்.

வழியெல்லாம் நாகமணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அரை மணி நேரம் எங்கேயும் அகப்படவில்லை.

"சாயங்காலம் வந்ததும் நடக்கட்டுமாங்க?" என்று கேட்டாள்.

"அப்ப சோறு? நான் வெறும் வயித்தோட காவலுக்குப் போறதா?" என்றான் செல்லன். கொஞ்சம் யோசித்து, "கோலா சிலாங்கூர்ல ஒரு சாமி வந்திருக்காராம்லா. நம்ம பேர்ல அவரே நடக்கிறாராம். நீ சும்மா போய் உக்காந்தா போதும்" என்றான். பெண்டாட்டி மேல் அவனுக்கு அத்தனை அக்கறை.

ஞாயிறுதோறும் போனாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் "சுடுது, சுடுது" என்று கண்ணில் நீர் மல்கக் கை தூக்கினார்கள். நாகமணியின் இடது காலில் ஒன்றும் தெரியவில்லை. சூடும் இல்லை, குத்தலும் இல்லை. ஊருக்கெல்லாம் இறங்குகிற அருள் தனக்கு மட்டும் இறங்காதது அவளுக்கு அவமானமாக இருந்தது. சிவானந்தத்திடம் மெல்லச் சொன்னாள்.

"போன பிறவிப் பாவம் தாயி. குறுக்க நிக்குது. சாமி ரெட்டிப்பு நடக்கணும்" என்றார் சிவானந்தம். தட்சிணையும் ரெட்டிப்பாயிற்று.

பாவம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்தவள் ரமணி. ரமணி அதே தொழிற்சாலையில் வரிசைத் தலைவி. வாய் நீளம், மனசு நல்ல மனசு. சப்பாத்து மாற்றும் இடத்தில் நாகமணியின் காலுறையில் ஈரம் கசிந்திருப்பதைப் பார்த்து, அதை உருவினாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு செம்பனை முள் முறிந்து உள்ளே கிடந்தது. சுற்றிலும் சீழ் வைத்திருந்தது.

"எப்பக்கா குத்துச்சு?"

"குத்துச்சா?" என்றாள் நாகமணி.

ரமணி அன்றைக்கே லீவு சொல்லி அவளை டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்துகொண்டே கடிந்தார்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரலை எடுத்திருக்கணும். சொன்னேனே, நடக்கிறீங்களா?"

"நடக்குது டாக்டர். வாரா வாரம் நடக்குது."

"நீங்க நடக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர். சாமி நடக்கிறாரு."

டாக்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ரமணியைப் பார்த்தார். ரமணி சுவரைப் பார்த்தாள்.

கட்டுப் போட்ட காலோடு வீட்டில் கிடந்த நாகமணிக்கு முதலில் பயம்தான் வந்தது. விரல் போனால் வேலை போகும். வேலை போனால் பிள்ளைகளின் படிப்பு போகும். பயந்து பயந்து அலுத்த பிறகுதான் கோபம் வந்தது. ஒரு நாள் காலையில் வாசலில் உட்கார்ந்து மகள் போட்ட கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவுக் காவல் முடிந்து வந்த செல்லன் வழக்கம்போல் கோலத்தின் நடுவிலேயே மிதித்து உள்ளே போனான். மாவு இழுபட்டு, அவன் செருப்பு பதிந்து கிடந்தது. பார்க்கிறபோதெல்லாம் இதற்காக அவனைத் திட்டுவாள். அன்று திட்டவில்லை. வெகுநேரம் அந்தத் தடத்தையே பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு, கூட்டம் சேருமுன் நாகமணியும் ரமணியும் இன்னும் இரண்டு பெண்களும் கோலமாவோடு போய் நின்றார்கள். செல்லனும் வேனில் கூட வந்திருந்தான்.

"சாமி நடக்கிற எடம் வெறும் தரையா இருக்கலாமாங்க? சுவத்துக்குச் சுவரு கோலம் போட்டுத் தர்றோம். சாமி பாதம் பட்டு அழியட்டும்" என்றாள் நாகமணி.

சிவானந்தத்துக்கு உச்சி குளிர்ந்தது. பாவம் விலகுது தாயி என்றார். திரைக்குப் பின்னால் பெரிய கோலம் விழுந்தது. பின்கதவிலிருந்து சாமியின் சாய்வு நாற்காலி வரைக்கும் மட்டும் கொஞ்சம் இடம் விட்டார்கள். நாற்காலி எதற்கு என்று ரமணி கேட்டாள். நடந்த பிறகு அருளை ஆற வைக்க என்றார் சிவானந்தம்.

பெயர்கள் படிக்கப்பட்டன. டொக் டொக் என்று குறடு நடந்தது. அன்றைக்கு இன்னும் வேகமாகவே நடந்தது. கூட்டம் சுடுது சுடுது என்றது. சத்தம் ஓய்ந்து சாமி இருமியதும் நாகமணி எழுந்தாள்.

"சாமி பாதம் பட்ட மாவு பிரசாதம். நோய்க்கு ரொம்ப நல்லது. ஆளுக்கு ஒரு கிள்ளு எடுத்துக்கங்க" என்றாள்.

அவ்வளவுதான். பிரசாதம் என்ற சொல் காதில் விழுந்தால் நம் சனங்களை யார் தடுக்க முடியும்? மரத்துப் போன கால்கள் எல்லாம் துள்ளி எழுந்தன. சிவானந்தம் குறுக்கே விழுந்தார். திரை கிழிந்து அவர் மேலேயே விழுந்தது.

சாமி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கோலம் போட்டபடியே இருந்தது. ஒரு புள்ளி கலையவில்லை, ஒரு கோடு இழுபடவில்லை.

கூட்டம் கோலத்தின் ஓரத்தில் அப்படியே நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"பாத்தீங்களா மகிமைய. தரையத் தொடாம நடந்திருக்காரு."

கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பத்துப் பேர் குனிந்தார்கள். சாமியின் முகத்தில் உயிர் வந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"தரையத் தொடாம நடந்தா டொக் டொக்குனு சத்தம் எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள் ரமணி.

பெரியவர் தூக்கிய கையை இறக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். நாகமணி விரல் நீட்டினாள். நாற்காலிக்கு அருகே முக்காலி. முக்காலி மேல் ஒரு பலகை. பலகை மேல் குறடுகள் இரண்டும். கை வாகாக எட்டும் தூரம். பலகை அடிபட்டு அடிபட்டுக் குழிந்திருந்தது.

"அது தேவ ரகசியம்" என்றார் சாமி.

"ரகசியம் இருக்கட்டும் சாமி. இத்தன பேருக்கு வாரா வாரம் நடக்கிற காலு. எங்க கண்ணு முன்னால இந்த பஸ் ஸ்டேசன ஒரு சுத்து சுத்தி வாங்க. பலன் எங்களுக்கு வேணாம், நீங்களே வச்சுக்குங்க" என்றாள் நாகமணி.

மறுத்தால் மானம் போகும். சாமி குறடு மாட்டிக்கொண்டு இறங்கினார். கூட்டம் பின்னாலேயே போனது. டிக்கெட் கவுண்டர் வரைக்கும் கம்பீரமாக நடந்தார். கிள்ளான் பஸ் நிற்கும் இடத்தில் இடுப்பைப் பிடித்தார். காப்பிக்கடை வருமுன் மூச்சு இரைத்து, சீனரின் புது நாற்காலி ஒன்றில் பொத்தென்று விழுந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் கொண்டு வந்த கெர்லிங்காரர் ஒருவர் அப்போதுதான் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"டேய், நீ ஐயாவுதானே? எங்க ஊர்ல பழைய சைக்கிள் வித்துட்டு ஓடுனவன்தானே?"

இப்போது கூட்டத்துக்கு வீரம் வந்துவிட்டது. இத்தனை நாள் சுடாத இடமெல்லாம் சுட்டது. ஆண்கள் கைலியை மடித்துக் கட்டினார்கள். எல்லோருக்கும் முந்திப் பாய்ந்து சாமியின் காவித் துண்டைக் கொத்தாகப் பிடித்தவன் செல்லன். "எம் பொண்டாட்டி காலு போயிருக்கும்டா" என்று கை ஓங்கினான்.

"அவர விடுங்க" என்றாள் நாகமணி.

"ஏமாத்திட்டான்லா இவன்."

"அவரு எம் பேர்ல நடக்கிறேன்னு பொய் சொன்னாரு. என்னய அவருகிட்ட அனுப்பினது யாரு? டாக்டரு அரை மணி நேரம்தானே கேட்டாரு. அந்த அரை மணி நேரம் சோத்துப் பானைய நான் பாத்துக்கிறேன்னு நீங்க சொல்லியிருந்தா நான் எதுக்கு இங்க வர்றேன்?"

செல்லனின் கை மேலேயே நின்றது. "ஆம்பள எப்படி நாகு அடுப்புல..." என்று இழுத்தான்.

"எம் பேர்ல சமைங்க. பேரு நாகமணி, நட்சத்திரம் பூசம். அவரு நடந்தா பலன் எனக்கு வரும்னு நம்புனீங்கல்ல? நீங்க சமைச்சா சோறு நெசமாவே வேகும்."

பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. ஆண்கள் பக்கம் ஒவ்வொருவராகக் கைலியை இறக்கிவிட்டுக் கொண்டார்கள். அந்தச் சந்தடியில் கிள்ளான் பஸ் புறப்பட, ஐயாவு குறடுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடி ஏறினார். அவர் சொந்தப் பேரில் ஓடியதை ஊர் அன்றுதான் பார்த்தது. சிவானந்தம் எந்தப் பக்கம் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. திரை மட்டும் கிடந்தது.

காயம் ஆறியதும் நாகமணி கான்வாஸ் சப்பாத்து மாட்டி, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தோட்டத்துத் திடலைச் சுற்றினாள். செல்லன் முதல் நாள் சோற்றைக் கரித்தான், இரண்டாம் நாள் குழைத்தான். பிள்ளைகள் முகம் சுளித்தபடி சாப்பிட்டார்கள். பிறகு மனுசர் தின்னக்கூடிய சோறு ஆக்க அவள் அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள். லயத்துப் பெண்கள் சிலரும் அவளோடு திடலுக்கு வந்தார்கள். வராதவர்கள் வீட்டில் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து, அந்தச் சாமியாரை மட்டும் அன்றைக்கு விடாமல் இருந்திருந்தால் எலும்பை எண்ணியிருப்போம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஐயாவுவை உதைக்க ஓங்கிய அத்தனை கைகளில் ஒன்றுகூட ஒரு பானையைத் தூக்க ஏன் முன்பே நீளவில்லை? சனங்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பேரும் நட்சத்திரமும் சொல்லி, அந்த யோசனையையும் வேறொருவர் தலையில் கட்டிவிடாதீர்கள்.