கெட்டிமேளப் பொத்தான்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் யோசனை சொல்வதில் சிட்லபாக்கத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அந்தத் திமிர்தான் என் தங்கை மகள் கல்யாணத்தில் அட்சதையாகக் கொட்டியது.

எங்கள் மாடியில் குடியிருக்கும் திவ்யா, போனிலேயே நாயனம், தவில், தாளம் எல்லாம் வாசிக்கிற ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அதற்கு முதல் கஸ்டமர் நான். (ஓசிதான். இருந்தாலும் கஸ்டமர் கஸ்டமர்தானே.)

நான் கேட்டது ஒன்றே ஒன்று. தொட்டவுடன் கெட்டிமேளம் முழங்க வேண்டும். பொத்தான் தோசை அகலத்துக்கு இருக்க வேண்டும். அவளோ, கை தவறிப் பட்டால் முழங்காதபடி முதலில் ஒரு பூட்டு போடணும், நிறுத்தினால் உடனே நிற்கவும் வைக்கணும், பொத்தான் அப்புறம்தான் என்றாள்.

"பூட்டை யாரும்மா கேட்டா? வாசிக்கப் போறது நானா, நீயா?"

"நீங்கதான் ஆன்ட்டி. அதனாலதான் பூட்டு."

விடுவேனா? தினமும் மாடியேறிப் போய் நின்றேன். மூன்றாம் நாள் அடைத் தட்டோடு போனதும் பூட்டில்லாமலே பொத்தான் வந்துவிட்டது. உடனே தங்கையிடம், கோயில் கல்யாணத்துக்கு மேளக்காரரே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று போனைப் பெரிய ஸ்பீக்கரோடு இணைத்து மடியில் வைத்திருந்தேன். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட, தாலித் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. கொசுவத்தைச் சரிசெய்யக் குனிந்தேன். முழங்கையோ, முழங்காலோ, ஏதோ பட்டது. மேளம் இடித்தது.

கெட்டிமேளம் கேட்டபின் நம் ஜனங்கள் தாலியையா தேடுவார்கள்? மொத்தக் கூட்டமும் அட்சதையை வீசியது. பாதி மாப்பிள்ளை மேல், மீதி ஐயர் வாயில் (மந்திரம் பாதியில் நின்றது). தாலியோ நாலாவது வரிசையில் ஒரு மாமா முன்னால் இருந்தது. பதறிப்போன மாப்பிள்ளை வெறுங்கையைப் பெண் கழுத்துக்குக் கொண்டுபோனார். மேளத்தை நிறுத்த நான் பொத்தானைக் குத்தினேன். ஒவ்வொரு குத்துக்கும் இன்னொரு மேளம் சேர்ந்துகொண்டது.

"அக்கா, அதை அணைச்சுத் தொலை" என்று தங்கை பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஸ்பீக்கர் வயரையே பிடுங்கிவிட்டேன்.

நிஜமாகவே தாலி ஏறியபோது வயரை மறுபடி மாட்டத் தெரியவில்லை. எழுந்து நின்று வாயாலேயே டும் டும் என்று கொட்டினேன். சிரிக்காதவர் ஐயர் ஒருவர்தான்.

மறுநாள் மாடியேறி, "பூட்டைப் போடும்மா" என்றேன். போட்டாள். நான் படித்து முடிப்பதற்குள் முகூர்த்தம் தாண்டிவிடும் என்பதால், பூட்டின் கேள்வியை என் குரலிலேயே பதிவு செய்தாள். இன்று எந்த ஊரில் யார் அந்தப் பொத்தானைத் தொட்டாலும், "தாலி கைக்கு வந்தாச்சா?" என்று கேட்பது நான்தான்.

வீட்டில் நான் யோசனை சொல்ல வாயைத் திறந்தால் மட்டும், அந்த மாப்பிள்ளை முந்திக்கொண்டு அதையே என்னைக் கேட்டுவிடுகிறார்.