ஃபேனை நிறுத்தச் சொல்லும் காது

இன்று மலேசியாவின் கிள்ளானில் யாரைப் பார்த்தோம் தெரியுமா? ஓர் அசல் காதுக்காரரை! பாட்டுக் கேட்கிறவர் வேறு, காதுக்காரர் வேறு. முன்னவர் பாட்டைக் கேட்பார். பின்னவர், பாட்டு எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்பதைக் கேட்பார்.

பெயர் சிவநேசன். வயது ஐம்பத்தைந்து. பதினெட்டு வயதில் ஸ்ரீ கெம்பாங்கானுக்கு வேலைக்குப் போன லோரியின் கிழிந்த ஸ்பீக்கரில் கேசட் பாட்டைக் கேட்டுவிட்டு, "இதுக்கு மேல என்னா வேணும்!" என்றவர். சீடி வந்தது, "கேசட்டா? அதையெல்லாம் மனுசன் கேப்பானா?" என்றார். ஒரே தட்டில் நூற்றைம்பது எம்பி3 பாட்டு வந்ததும் சீடிகளை மச்சான் வாசுவுக்குத் தானம் செய்தார். இப்போது உயர்துல்லிய ஒலிக்கோப்பு, பாம்பு மாதிரி தடித்த கேபிள், ஆளுயர ஸ்பீக்கர் எல்லாம் வந்தாயிற்று. எம்பி3யா? "அது பாட்டோட எலும்புக்கூடு லா!" ஒவ்வொரு முறையும் இதுதான் உச்சம் என்று சத்தியம் செய்தவர்தான். சத்தியத்துக்கும் புதுப் பதிப்பு வராதா என்ன?

காதுக்காரரின் பரம எதிரி ஃபேன். மத்தியான வெயிலில் ஜன்னலைச் சாத்தி, ஏர்கான் குளிரூட்டியை நிறுத்தி, ஃபேனையும் நிறுத்தி, விருந்தாளியை ஹாலின் நட்டநடுவே உட்காரவைத்து, "மூனாவது நிமிசத்துல வயலின்காரர் மூச்சு விடுவாரு, கேளுங்க" என்பார். விருந்தாளியால்தான் மூச்சு விட முடியாது.

போன தீபாவளிக்கு அவர் மனைவி அமுதவள்ளியின் அக்கா குடும்பமே புழுக்கத்துக்குப் பயந்து வாசலோடு திரும்பிப் போய்விட்டது. அதனால்தான் இன்று பந்தயம்.

"ஒரே பாட்டு, அஞ்சு தடவ. ஓடுறது ஒங்க ஒசத்திக் கோப்பா, சாதா எம்பி3யான்னு நீங்க சொல்லணும். ஒன்னு தப்பாச்சுன்னாலும் இனிமே ஃபேன் ஓடும்" என்றார் அமுதவள்ளி.

"அஞ்சும் சரியா சொல்லிட்டா?"

"சாவுற வரைக்கும் ஃபேனப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்."

வாசு மடிக்கணினியை மறைத்து வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டார். சிவநேசன் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தும் சரி. ஒன்றுகூடப் பிசகவில்லை!

"அத்தான், நெசமாவே கேக்குது லா ஒங்களுக்கு!" வாசு வாயைப் பிளந்தார்.

அமுதவள்ளி மட்டும் சிரித்தார். "எனக்கும் அஞ்சும் சரியா தெரிஞ்சிச்சு."

"ஒனக்கா? எப்புடி?"

"ஒங்க காலப் பார்த்தேன். சாதா ஓடுனப்போ தாளம் போட்டுச்சு. ஒசத்தி ஓடுனப்போ, ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி வெறச்சுப்போய் உக்காந்திருந்தீங்க."

சிவநேசன் தன் காலையே பார்த்தார். சாதாவில் தேடிப் பிடிக்க ஒன்றுமில்லை; அதனால் பாட்டு மட்டும் உள்ளே போயிருக்கிறது. கடைசியாக எப்போது ஒரு பாட்டோடு சேர்ந்து பாடினோம்? யோசித்தார். ஞாபகம் வரவில்லை. ஜெயித்த மனிதரின் முகமா அது?

எழுந்தார். ஃபேனை ஐந்தாம் நம்பரில் வைத்தார்.

"வாசு, அந்த சாதாவ இன்னொரு வாட்டி போடு."

சிரிக்கிறீர்களா? இதைப் படிக்கும்போதே "எழுத்து இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கலாமே" என்று திரையை உரசிப் பார்த்தது யார்? போகட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைத் தட்டிவிடுங்கள். "இது என்னைப் பத்தி இல்ல" என்று யார் முதலில் பதில் போடுகிறாரோ, அவர் வீட்டுக்கு உடனே ஒரு விசிறியோடு போய் ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள்!