தங்கச் சுரங்கத்துக்கு ஊரைச் சம்மதிக்க வைத்த மாப்பிள்ளை எழுதுவது

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்றும், அத்தையின் மூக்குக்கண்ணாடி வழக்கம்போல அவர்கள் தலைமேலேயே கிடைத்திருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் மகளும் பேத்தியும் சுகம். மூவரும் மறுபடி ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். செய்திதான் மாமா. அது எப்படிச் செய்தியாயிற்று என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

ஊர் வாக்கெடுப்பில் சுரங்கம் ஜெயித்துவிட்டது! அதாவது, நான் ஜெயித்துவிட்டேன். தங்கச் சுரங்கக் கம்பெனியில் என்னை மக்கள் தொடர்பு அலுவலராகப் போட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்ன அன்று, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாங்கள் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "நீங்க பேச ஆரம்பிச்சா வீட்டு நாயே எந்திரிச்சுப் போயிடும், ஊரு உக்காந்து கேக்குமா மாப்ளே?" என்றீர்கள். கேட்டது மாமா. உட்கார்ந்து கேட்டது. முதலில் எழுந்து போனது உண்மைதான், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. ஊர் மனதாரச் சம்மதிக்காமல் மலையில் ஒரு கல்லையும் பெயர்க்கக் கூடாது. அந்தச் சம்மதத்தை வாங்கி வருவதுதான் என் வேலை. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டேன், படம் காட்டும் கருவியை வாடகைக்கு எடுத்தேன், "சுரங்கம் முடிந்த பிறகு இந்த இடம் எப்படி இருக்கும்" என்று ஒரு ஏரிப் படத்தைக் காட்டினேன். ஏரியில் வாத்துகள். படம் தலைகீழாக விழுந்தது. ரிட்டயரான தபால்காரர் ஒருவர், எதையும் எதிர்ப்பதையே முழுநேர வேலையாக வைத்திருப்பவர், முன்வரிசையிலிருந்து, "சுரங்கம் வந்தா வாத்து மல்லாந்துடும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க, சந்தோஷம்" என்றார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருக்கும்போது, பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து நின்றார். பார்த்தால், தங்கள் மகள்.

"அலுவலர் அவர்களே, ஒரு சந்தேகம்," என்றாள். என்னை! அன்று காலைதான் என் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்திருந்தாள்.

"கேளுங்கம்மா," என்றேன். வேறென்ன சொல்வது?

"கல்லுலேருந்து தங்கத்தைப் பிரிக்க என்ன போடுவீங்க?"

"அது வந்து... ஒரு மாதிரி உப்பு."

"குழம்புல போடுற உப்பா?"

"இல்ல, இது கொஞ்சம் வேற."

"அதுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கும்ல?"

"சயனைடு," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன் மாமா, ஆனால் ஒலிபெருக்கி என்னவோ அன்றைக்கென்று பிரமாதமாக வேலை செய்தது. கூட்டம் எழுந்துவிட்டது. பள்ளிக்கூடக் காவலாளி, நான் "தயவுசெய்து உட்காருங்கள்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே நாற்காலிகளை மடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன், அப்போது ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய சலவைக்கடை தாங்கள் அறிந்ததுதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு முழுக்க அங்கேதான் வெளுக்கிறது. தண்ணீர் ஓடையிலிருந்து வருகிறது, ஓடை மலையிலிருந்து வருகிறது, மலையில் எங்கள் கம்பெனி குழி தோண்டப் போகிறது. ஓடை கெட்டால் முதலில் அவள் கடையின் வெள்ளைத் துணியில் தெரியும், அப்புறம் ஊரார் உடம்பில் தெரியும். இதை அவள் வீட்டில் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாளாம். நான் "உம்" கொட்டியிருக்கிறேனாம்.

அன்று முதல் வீட்டில் எனக்குப் பெயர் "அலுவலர் அவர்களே". "அலுவலர் அவர்களே, தட்டு மேஜைல இருக்கு." "அலுவலர் அவர்களே, குழாய் ஒழுகுது, உங்க கம்பெனியில சொல்லிப் பாருங்க." தட்டு ஒன்றுதான் இருக்கும். தாயும் மகளும் அடுக்களையில் சாப்பிட்டுவிடுவார்கள். தங்கள் பேத்தி, என் ரத்தம், "எங்கள் ஓடையைத் தொடாதே" என்று பெரிய எழுத்தில் எழுதி நம் வீட்டு வாசல் கதவிலேயே ஒட்டினாள். பசை என் மேஜை டிராயரில் இருந்த பசை. ஆபீசிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்தால் கதவை வெளியே முழுக்கத் திறந்து, அந்த எழுத்து தெரியாதபடி சுவரோடு சாத்தி வைத்தேன். கொசு உள்ளே வந்தது, கௌரவம் வெளியே போகவில்லை.

சரி, ஊருக்கு ஏதாவது அன்பளிப்பு கொடுத்தால் மனம் இளகும் என்று, கம்பெனிப் பெயர் போட்ட மஞ்சள் குடைகளை வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரமே எங்கள் ஆபீஸ் வாசலில் எதிர்ப்பு ஊர்வலம். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஊர்வலம் மொத்தமும் மஞ்சள் குடையை விரித்தது. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது, முதல் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் எங்கள் கம்பெனிப் பெயர். தலைமை அலுவலகத்திலிருந்து, படத்தை மட்டும் பார்த்த டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு ஆதரவா! பிரமாதம்! நானே நேர்ல வந்து ஊர்க்காரங்களுக்கு நன்றி சொல்றேன்" என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

டைரக்டர் வந்து இறங்கினால் குட்டு உடையும், வேலை போகும், தாங்கள் போனில் சிரிப்பீர்கள். வேறு வழி தெரியாமல், ஒரு அழுக்குச் சட்டையை எடுத்துக்கொண்டு சலவைக்கடைக்குப் போய் வாடிக்கையாளர்களோடு வரிசையில் நின்றேன். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாதவள் கடையில் பேசித்தானே ஆகவேண்டும்? இஸ்திரி ஆவிக்கு நடுவில் என் முறை வந்தது.

"சட்டைல என்ன கறை?" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

"கறை சட்டைல இல்ல," என்றேன். "நான் ஒண்ணு கேக்கணும். உனக்கு, இந்த ஊருக்கு, என்னதான் வேணும்?"

அவள் நிமிர்ந்தாள். பின்னால் நின்றவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டினார்கள்.

"இதை மொத நாளே கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "நாங்க சுரங்கமே வேண்டாம்னு சொன்னோமா? இங்க வேலையில்லாம எத்தனை பேரு வீட்டுக்கு வீடு உக்காந்திருக்காங்க, எனக்குத் தெரியாதா? வாத்தைக் காட்டுனீங்க, குடையைக் கொடுத்தீங்க. எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

வரிசையிலிருந்த அத்தனை பேரும் துணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவரவர் பயத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். சேற்றுக் கழிவை ஓடைக்கு மேலே அணை கட்டித் தேக்கினால், அணை உடைந்தால் யார் பொறுப்பு? தண்ணீர் சுத்தம் என்று கம்பெனியே சொன்னால் யார் நம்புவது? தங்கம் தீர்ந்த பிறகு குழியை மூடாமல் ஓடிவிட்டால்? நான் கவுண்டரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டேன். "உம்" கொட்டவில்லை மாமா, கேட்டேன்.

நேராக எங்கள் பொறியாளரிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டார். "கழிவைச் சேறா தேக்காம வேற வழியே இல்லையா சார்?" என்றேன். "ஏன் இல்ல? தண்ணியை வடிகட்டி எடுத்துட்டு, காஞ்ச மண்ணா அடுக்கலாம். அணையே வேண்டாம். நான் அதைத்தான் மொதல்ல சொன்னேன், செலவு ஜாஸ்தின்னு மேல வெட்டிட்டாங்க" என்றார். "கூட்டத்துல இதைச் சொல்லுவீங்களா?" "யாராவது கேட்டா சொல்லுவேன்." கேட்பதற்கு நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டைரக்டர் வந்தார். மண்டபம் நிரம்பி ஜன்னலிலும் ஆட்கள். அவர் நன்றி சொல்ல எழுந்ததும் கரண்ட் போய்விட்டது. படமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. தங்கள் மகள் மேடைக்கு வந்து அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தாள். வெயிலில் வந்த மனிதர், ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டு, "அருமையான தண்ணி!" என்றார்.

"எங்க ஓடைத் தண்ணிங்க. சுரங்கம் வந்த பிறகும் வருஷா வருஷம் வந்து, இதே டம்ளர்ல குடிப்பீங்களா?"

அவர் வாயில் இன்னொரு மடக்கு இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஊரே அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். எப்படி விழுங்கினாரோ, விழுங்கிவிட்டு, "நம்ம அலுவலர் விளக்குவார்," என்று உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து நின்றேன் மாமா. மறைக்க ஒன்றுமில்லை என்றானதும் பேச்சு தானாக வந்தது. "சயனைடு போடுவோம். அது விஷம்தான். அன்னைக்கு உப்புன்னு நான் மழுப்பினது பித்தலாட்டம். மூடின தொட்டிக்குள்ளேயே அதை அழிச்சிட்டுத்தான் கழிவை வெளிய எடுக்கணும். சரியா நடக்குதான்னு தெரிஞ்சுக்க என்னை நம்பாதீங்க. கட்டின பொண்டாட்டியே என்னை நம்பல. நீங்களே ஆளைத் தேர்ந்தெடுங்க, நீங்களே தண்ணியை எடுங்க, உங்களுக்குப் பிடிச்ச இடத்துல சோதிங்க. கெட்டுதுன்னா அன்னைக்கே சுரங்கத்தை நிறுத்துற அதிகாரம் உங்க கைல இருக்கணும். குழியை மூடுறதுக்கான பணத்தைத் தோண்டுறதுக்கு முன்னாடியே பேங்க்குல போட்டாகணும். இதுக்கெல்லாம் சரின்னா கை தூக்குங்க, இல்லேன்னா நான் நாளைலேருந்து சலவைக்கடையில மடிக்கிற வேலைக்குப் போயிடுறேன்."

"அங்க காலி இல்ல," என்றாள் தங்கள் மகள். மண்டபம் குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பொறியாளரைப் பார்த்து, அணை இல்லாமல் முடியுமா என்று கேட்டாள். அவரும் சொன்னபடியே எழுந்து, முடியும் என்றார். எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு, "எல்லாத்துக்கும் சரி. எழுதிக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்," என்றார்.

கைகள் எழுந்தன மாமா! வரிசை வரிசையாக எழுந்தன. ஜன்னலில் தொங்கியவர்கள்கூட ஒரு கையை விட்டுத் தூக்கினார்கள், ஒருவர் விழுந்தார், விழுந்த இடத்திலிருந்தும் தூக்கினார். தபால்காரர் மட்டும் தூக்கவில்லை. ஆனால் தண்ணீரைச் சோதிக்கும் குழுவுக்குத் தலைவராக அவரைத்தான் ஊர் தேர்ந்தெடுத்தது, அவரைவிடச் சந்தேகக்காரர் யாரும் கிடைக்கமாட்டார் என்று. கடைசியாகத் தூக்கியது தங்கள் மகள். தூக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "என்னங்க, சட்டைக் காலரை உள்ள மடிச்சு விட்டிருக்கீங்க, சரி பண்ணுங்க," என்றாள். "என்னங்க!" அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நாலு மலைக்குச் சம்மதம் வாங்கலாம்.

இந்த வெற்றியைத் தாங்கள் அக்கம்பக்கத்தில் உரக்கவே சொல்லிக்கொள்ளலாம். அத்தைக்கு என் வணக்கங்கள். தங்கள் ஆசி எப்போதும் வேண்டும், சிரிப்பு எப்போதாவது போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
(மக்கள் தொடர்பு அலுவலர்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பொறியாளர் ஓடி வந்தார். கடைசியாகத் துளை போட்டுப் பார்த்ததில், எங்கள் பக்கம் இருப்பது வெறும் மினுமினுப்பாம். தங்கம் மலைக்குள் வளைந்து அந்தப் பக்கம் போய்விடுகிறதாம். கனமாக இருக்கும் இடம் தங்கள் தெரு. குறிப்பாகச் சொன்னால், தங்கள் குளியலறைக்கு நேர் கீழே. இந்த ஊரில் வேலை ரத்து. சுரங்கம் ஏன் வரவில்லை என்று கேட்டு இப்போது ஆபீஸ் வாசலில் கூட்டம், தபால்காரர் தலைமையில். தங்கள் ஊர்ச் சம்மதத்தை வாங்கிவர டைரக்டர் என்னைத்தான் அனுப்புகிறார், திங்கட்கிழமை வருகிறேன். மாமா, சபையில் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டாம். கஷ்டமான கேள்வி எதுவானாலும் வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

அப்பா, சபையிலேயே கேளுங்க. விடாதீங்க. முன்வரிசையில எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க. — உங்கள் மகள்